தானாக அடித்த கண்

மனுகாவ்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலருக்கு,

போன் எடுத்தால் வெட்டுகிறீர். மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர். அதனால்தான் இந்த வயதில் பேனையைத் தேடி எடுத்தேன். கடிதத்தைச் சகலன் குணரத்தினத்தின் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். உம்முடைய அக்காவைக் கட்டிய பாவத்துக்கு அந்த மனிசன் புக்கெகோஹியில் இருந்து ஈஸ்ட் டாமாக்கிக்கு என்னோடு வேலைக்கும் வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் தபால்காரனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பிரித்து வாசிக்க மாட்டாராம். நான் நம்பவில்லை.

நேரே விசயத்துக்கு வருகிறேன். நான் ஊர்மிளாவுக்குக் கண்ணடிக்கவில்லை. கோயிலில் பழகிய ஸ்ருதி பெரிய பிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோவில் நீர் பார்த்தது உண்மை. ஊர் முழுக்க வாட்ஸப்பில் பார்த்துச் சிரித்ததும் உண்மை. ஆனால் அடித்தது நான் இல்லை. கண் தானாக அடித்தது.

ஒரு மாதத்துக்கு மேலாக என்னுடைய வலது கண் இமை துடித்துக்கொண்டிருக்கிறது. சில நேரம் லேசாகத் துடிக்கும். சில நேரம் முழுக்க மூடித் திறக்கும். கடைக்குப் போனாலும் துடிக்கும், கோயிலில் கும்பிட்டாலும் துடிக்கும். ஊர்மிளா பலகாரத் தட்டோடு வந்த நேரம் அது துடித்தது என்னுடைய கெட்ட காலம். கமரா வைத்திருந்தவன் சரியாக அந்த நேரம் என் முகத்தைப் பிடித்தது அதைவிடக் கெட்ட காலம்.

ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்பீர். வலது கண்ணப்பா, வலது கண். ஆம்பிளைக்கு வலது கண் துடித்தால் நல்லது வரும் என்று உமக்குத் தெரியாதா? எங்கள் மகள் லக்ஷிகா கலியாணம் முடித்து வெலிங்டனில் இத்தனை வருசமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். அந்தச் செய்திதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னால் பலிக்காமல் போய்விடும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கடைசியில் செய்தி வரவில்லை, பெண்சாதி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டா.

வீட்டில் மிளகாய்த்தூள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதையாவது எழுதும்.

அன்புடன்,
ஆனந்தராசா


புக்கெகோஹி,
5 ஆகஸ்ட் 2025

லக்ஷிகாவின் அப்பாவுக்கு,

மிளகாய்த்தூள் அடுப்புக்கு மேல் இருக்கிற தட்டில், சிவப்பு மூடி போட்ட போத்தலில். முப்பது வருசமாக அங்கேதான் இருக்கிறது.

கண் தானாக அடித்ததாம். வீடியோவை அக்காவின் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தேன். ஐயர் பக்கத்தில் வந்தார், அடிக்கவில்லை. ஸ்ருதியின் தாய் சந்தனம் கொண்டுவந்தா, அடிக்கவில்லை. நான் உங்களுக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு கல்லுப் போல நின்றேன், என் பக்கம் திரும்பவே இல்லை. அவ தட்டோடு வந்தா, அடித்தது. அவ சிரித்தா, திரும்பவும் அடித்தது. இவ்வளவு ஆள் பார்த்து அடிக்கிற கண்ணை நான் எங்கும் காணவில்லை.

அவவையும் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வேலை இடத்தில் சரக்கு அனுப்புகிற மேசையில் இருக்கிற பிஜிக்காரி. புருசன் இல்லை. பூட்டனார் மதராசில் இருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம், அதனால் நம்முடைய கோயிலுக்கும் வருகிறா. வரட்டும், கோயில் எல்லாருக்கும் பொது. ஆனால் தமிழில் தண்ணி, சோறு தவிர ஒரு சொல் தெரியாதவவோடு உங்களுக்கு என்ன அவ்வளவு கதை?

இன்னும் ஒன்று. குணரத்தினம் அத்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நாளும் பத்து மணித் தேத்தண்ணிக்கு அவ உங்களுக்கு ஒரு வாழைப்பழம் தருகிறாவாமே. நான் கட்டித் தந்த வாழைப்பழத்தைச் சளி பிடிக்கும் என்று திருப்பிக் கொண்டுவந்த மனிசன் நீங்கள். அவவின் பழத்துக்குச் சளி பிடிக்காதா?

ஒன்று கேட்கிறேன். கலியாணம் கட்டின நாளில் இருந்து இன்று வரைக்கும் எனக்கு ஒருக்கால் கண்ணடித்திருக்கிறீங்களா? யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துவிட்டேன்.

இதோடு அனுப்புகிற பிளாஸ்கில் இருப்பது நெருஞ்சிக் குடிநீர். டொக்டர் உங்கள் கால் வீக்கத்துக்கு நீர் போகிற குளிசை தந்த நாளில் இருந்து நான் இதையும் அவித்துத் தருகிறேன், இப்போது நிற்பாட்டினால் வீக்கம் ஏறிவிடும். கோபம் வேறு, கால் வேறு. முழுக்கக் குடித்துவிட்டு வெறும் பிளாஸ்கை அத்தானிடம் கொடுக்கவும்.

தவமலர்


மனுகாவ்,
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலருக்கு,

குடிநீர் வந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். கசப்பாக இருந்தது, ஆனாலும் உம்முடைய கையால் வந்தது என்று நினைத்துக் குடித்தேன். சகலன் பக்கத்தில் நின்று, "பாத்து ராசா, பிளாஸ்கையும் விழுங்கிப் போடாதையும்" என்றார்.

வாழைப்பழக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் போர்க்லிஃப்டில் இருந்து இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர்மிளா பார்த்துவிட்டு, இது அடிக்கடி வருகிறதா என்று கேட்டா. விடியப்புறங்களிலும் இழுக்கிறது என்றேன். நீர்க் குளிசை எடுக்கிறீர்களா என்று உடனே கேட்டா. அவவும் அதே குளிசைதான் எடுக்கிறாவாம். முதல் வருசம் அவவுக்கும் கால் இழுத்து, கைவிரல் துடித்ததாம். குளிசையால் தண்ணி போகும்போது உடம்பில் இருக்க வேண்டிய உப்பும் சேர்ந்து போய்விடுகிறதாம். இரத்தம் சோதித்துப் பார்க்கச் சொன்னா, அதுவரைக்கும் ஒரு பழமாவது சாப்பிடுங்கள் என்று தன்னுடையதில் ஒன்றைத் தந்தா. உள்ளதைச் சொன்னால் அவ நல்ல மனிசி, விசயம் தெரிந்தவ.

டொக்டரிடம் போகவில்லைத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மருந்து தந்து துடிப்பை நிற்பாட்டிவிட்டால் லக்ஷிகாவுக்கு வரப்போகிறதும் நின்றுவிடுமோ என்று ஒரு பயம். படித்த பிள்ளையைப் பெற்றவன் நினைக்கிற நினைப்பா இது என்று சிரியும்.

இப்போது வலது கையில் இரண்டு விரலும் கண்ணோடு சேர்ந்து துள்ளுகின்றன. எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்ப்பீர். கோபத்தில் எழுதியது என்று நினைக்க வேண்டாம்.

எனக்குக் கண்ணடிக்கத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது மலர். எங்கள் வீட்டில் ஒருத்தரும் அப்படிப் பழக்கவில்லை.

உம்முடைய,
ஆனந்தராசா


புக்கெகோஹி,
11 ஆகஸ்ட் 2025

லக்ஷிகாவின் அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அக்கா தேத்தண்ணி தந்தா, வேண்டாம் என்றேன். இவ்வளவு நாளும் கண்ணடித்ததுதான் என்னுடைய கோபம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணடித்ததைக்கூட விட்டுவிடலாம்.

விடியப்புறம் கால் இழுக்கிறது என்று அவவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த விடியப்புறம் உங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் யார்? கட்டிலில் எழும்பி இருந்து காலைப் பிடிக்கிற சத்தம் கேட்டு, "என்னப்பா?" என்று நான் கேட்டேன். "ஒண்டுமில்லை, படும்" என்றீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. அவவுக்குக் கெண்டைக்கால், விரல், உப்பு, எல்லாம். உங்கள் உடம்பில் எது நொந்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும் என்று இருமாப்போடு இருந்தேன். பலகாரத் தட்டோடு வந்தவவுக்கு என்னைவிட முதலே தெரிந்திருக்கிறது. ஓம், எரிச்சல்தான், பொறாமைதான். மறைக்கவில்லை.

நல்ல மனிசி, விசயம் தெரிந்தவ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் உங்களுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

உங்கள் எழுத்து ஆடுவதைப் பார்த்தேன். காலில் இருந்த நீர் கையிலும் ஏறத் தொடங்கிவிட்டது என்று அக்கா சொல்லுறா. அதனால் இன்றில் இருந்து குடிநீரை நல்ல இறுக்கமாக வற்றவைத்து அனுப்புகிறேன். ஒரு பிளாஸ்க் காலையில், ஒன்று பின்னேரம். உங்கள் காலை அவவின் பழம் சுகப்படுத்துகிறதா, என்னுடைய நெருஞ்சி சுகப்படுத்துகிறதா என்று பார்ப்போம்.

அந்த வாழைப்பழத்தை இனித் தொடக் கூடாது. தொட்டால் அத்தான் எனக்குச் சொல்லுவார்.

தவமலர்


மனுகாவ்,
15 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலருக்கு,

பதறாமல் வாசியும். நான் வீட்டில்தான் இருக்கிறேன், சுகமாக இருக்கிறேன். நான் எழுதுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று சகலனிடம் சொல்லி வைத்தேன். அவரும் பாவம், இந்த இரண்டு நாளும் உம்முடைய முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டிருப்பார்.

நீர் சொன்னபடி பழத்தை வேண்டாம் என்று ஊர்மிளாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டா. வீட்டில் பிடிக்கவில்லை என்றேன். அவவின் முகம் சுருங்கிப்போனது. ஒன்றும் பேசாமல் பழத்தைப் பைக்குள் திருப்பி வைத்தா. குடிநீரை இரண்டு நேரமும் குடித்தேன்.

புதன்கிழமை வெங்காய மூட்டை அடுக்கின பலகையைப் போர்க்லிஃப்டில் தூக்கி உயரத் தட்டில் வைக்கப் போனேன். கை என்னைக் கேட்காமல் துள்ளியது. நான் பிடிக்க நினைத்த பக்கம் அது போகவில்லை. பலகை சரிந்து மூட்டை எல்லாம் கீழே வந்தது. கீழே ஒருத்தரும் நிற்கவில்லை, முருகன் காப்பாற்றினான். சகலன் அந்த வழியால் போய் முடித்த கையோடு விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். இதை உம்முடைய அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சகலன் வந்தார். ஊர்மிளாவும் வந்தா. எங்கள் இடத்தில் முதலுதவிக்குப் பொறுப்பு அவதான், நான் கூப்பிடவில்லை. நெஞ்சில் வயர் ஒட்டி ஒரு நாள் வைத்திருந்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் நன்றாகக் குறைந்துபோய்விட்டதாம். கண், விரல், கால், எல்லாம் துள்ளினது அதனால்தானாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் நெஞ்சும் தாளம் தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னா. நீர்க் குளிசையால் சில பேருக்கு இப்படி வருமாம். குளிசையை மாற்றிவிட்டார்கள்.

எல்லாம் அந்தக் குளிசையால்தான். உம்முடைய குடிநீருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளைக்குப் பிளாஸ்க் அனுப்ப வேண்டாம். எனக்கு வீட்டில் தண்ணி கொதிக்க வைக்கத் தெரியும்.

அழ வேண்டாம். நீர் அழுதால் உம்முடைய அக்கா என்னைத் திட்டுவா.

உம்முடைய,
ஆனந்தராசா


புக்கெகோஹி,
16 ஆகஸ்ட் 2025

லக்ஷிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த உடனே உடுப்பு மாற்றிக்கொண்டு அத்தானின் காரில் ஏறினேன். கார் கேற்றைத் தாண்டவில்லை, அத்தான் சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்டு முடித்ததும் இறங்கி உள்ளே வந்துவிட்டேன். எந்த முகத்தோடு வருகிறது?

டொக்டர் கேட்டாவாம், குளிசையை விட வேறு என்ன எடுக்கிறீங்கள், மூலிகை, நாட்டு மருந்து ஏதாவது உண்டோ என்று. நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்களாம். திரும்பவும் கேட்டாவாம். திரும்பவும் இல்லை. அப்போது ஊர்மிளா உங்கள் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு என்னுடைய பிளாஸ்கை எடுத்து டொக்டருக்கு முன்னால் வைத்தாவாம். "தண்ணி" என்று தமிழில் சொன்னாவாம். டொக்டர் மணந்து பார்த்து, இது என்ன, எவ்வளவு நாளாக என்று கேட்க, அத்தான்தான் பயந்துபோய் எல்லாத்தையும் சொன்னாராம். குளிசை ஒரு பக்கத்தால் நீரை இறைக்க, என்னுடைய நெருஞ்சி மறுபக்கத்தால் இறைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் வரும் என்று டொக்டர் சொன்னாவாம். இதைத்தான் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதினீர்கள்.

இந்த மூன்று மாதமும் நான்தான் அவித்தேன். அவவைப் பார்த்து அடித்த கண்ணை நானே என் கையால் அடிக்க வைத்திருக்கிறேன். பிறகு கோபித்துக்கொண்டு வந்து, இங்கே இருந்தும் அவித்து, மூடி இறுக்கி, அத்தானிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு உதவிய ஒரே ஒரு பழத்தையும் நிற்பாட்டினேன். குடிநீர் கசப்பு என்று ஒருக்கால் எழுதினீர்கள், வேண்டாம் என்று எழுதவில்லை.

டொக்டருக்கு முன்னால் நீங்கள் எனக்காகப் பொய் சொன்னீர்கள். அவ உங்களுக்காக உண்மையைச் சொன்னா. இதில் எது பெரிசு என்று நேற்றில் இருந்து யோசிக்கிறேன். அவ செய்ததுதான் பெரிசு என்று புத்தி சொல்லுது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அங்கே நின்றிருந்தால் பிளாஸ்கை நான்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவ நின்றிருக்கிறா. அவவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் வருகுதில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

இப்போது கண் நின்றுவிட்டதா? உண்மையை எழுதவும். நின்றிருந்தால் எனக்கு ஒரு ஆசை. சிரிக்கக் கூடாது. உப்புக் குறையாமல், குடிநீர் குடிக்காமல், நீங்களாக, எனக்கு ஒருக்கால் கண்ணடிக்க வேண்டும். ஊர் முழுக்க அவவுக்கு அடித்ததைப் பார்த்துவிட்டது. எனக்கு அடித்ததை நான் மட்டும் பார்த்தால் போதும். ஓம் என்று எழுதினால் வாறன்.

தவமலர்


மனுகாவ்,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலருக்கு,

கண் நின்றுவிட்டது. விரலும் நின்றுவிட்டது, எழுத்தைப் பார்த்தால் தெரியும். லக்ஷிகா நேற்றுப் போன் எடுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என்னுடைய சுகம்தான் விசாரித்தாள், வேறு செய்தி ஒன்றும் இல்லை. ஆக, வலது கண் துடித்ததற்குப் பலன் பொட்டாசியம் குறைந்ததுதான்.

பொய் சொன்னதற்கு மன்னியும். டொக்டருக்கு முன்னால் உம்முடைய கையைக் காட்டிக்கொடுக்கிறது போல இருந்தது. ஊர்மிளாவோடு எனக்குக் கோபம் கூட வந்தது. பிளாஸ்கை எடுத்து வைத்தபோது, "உங்களுக்கென்ன வந்தது?" என்று தமிழில் கத்திவிட்டேனாம். அவவுக்கு விளங்கவில்லை, நல்ல காலம்.

கால் இழுத்ததை உமக்கு ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதுகிறேன். அவவுக்குச் சொன்னால் ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். உமக்குச் சொன்னால் நீர் எழும்பி, லைற்றைப் போட்டு, எண்ணெய் சூடாக்கி, விடியும் வரைக்கும் காலடியில் இருப்பீர். பிறகு வேலைக்குப் போவீர். அதனால்தான் ஒன்றுமில்லை, படும் என்றேன். இனிச் சொல்லுகிறேன். தும்மல் வந்தாலும் சொல்லுகிறேன். நீராகவே போதும் என்று சொல்லும் வரைக்கும் சொல்லுகிறேன்.

இனி நீர் கேட்டது. உம்முடைய கடிதம் வந்த நேரத்தில் இருந்து குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறேன். ஒரு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்றாலும் அடித்த கண், இப்போது அடி என்று சொன்னால் அடிக்குதில்லை. வலதை மூடினால் இடதும் சேர்ந்து மூடிக்கொள்ளுது. இடதைத் திறந்து வைத்தால் வாய் கோணுது. ஒரு கண்ணை விரலால் பிடித்துக்கொண்டும் பார்த்தேன். சகலன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பல்லுக்கட்டு கழன்றுவிட்டது. "உமக்கு உது சரிவராது ராசா, அந்த வீடியோவில அடிச்சது நீர் இல்லை எண்டதுக்கு இதை விட என்ன சாட்சி வேணும்?" என்று சொல்லுறார்.

அதனால் ஓம் என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நீர் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் எனக்கு வருகுதில்லை. நீர் வாசலில் வந்து நிற்கும்போது முயற்சி செய்வேன். அனேகமாக இரண்டு கண்ணும் சேர்ந்துதான் மூடும். அதைக் கண்ணடித்ததாக எடுத்துக்கொள்வீரா?

உம்முடைய,
ஆனந்தராசா


புக்கெகோஹி,
20 ஆகஸ்ட் 2025

லக்ஷிகாவின் அப்பாவுக்கு,

எடுத்துக்கொள்ளுவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தானோடு வாறன்.

பழகுவதென்றால் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் பழகவும். வேலை இடத்தில் வேண்டாம்.

டொக்டர் பழம் சாப்பிடலாம் என்று சொன்னால் வாழைப்பழம் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன். இரண்டு சீப்பு. ஒன்று உங்களுக்கு, மற்றது ஊர்மிளாவுக்கு. அதை நீங்கள் கொடுக்கக் கூடாது. நானே வந்து கொடுக்கிறேன்.

மலர்